இரண்டு பட்டியல்கள்

டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ நாவலில் மிகக் கொடூரமான இடம் எது என்று கேட்டால், விறகுக் கொட்டகையில் நடக்கும் கொலையைத்தான் பெரும்பாலான வாசகர்கள் சொல்வார்கள். நான் அதில் வரும் ஒரு பாடவேளையைச் சொல்வேன்.

கென்டக்கி மாநிலத்தில் ‘ஸ்வீட் ஹோம்’ என்றொரு பண்ணை. எஜமானர் கார்னர் இறந்துபோக, பண்ணையை நடத்த அவருடைய உறவினர் ஒருவர் வந்து சேர்கிறார். படித்தவர், தணிந்த குரலில் பேசுபவர், கையில் எப்போதும் குறிப்பேடு வைத்திருப்பவர். அடிமைகள் அவரை வாத்தியார் என்கிறார்கள். நாவலும் அவருக்கு வேறு பெயர் வைக்கவில்லை. ஒருநாள் வீட்டுப் பக்கமாக நடந்து போகும் சேத் என்ற அடிமைப் பெண், உள்ளே தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு நிற்கிறாள். வாத்தியார் தன் மாணவன் எழுதியதைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அவளுடைய மனிதக் குணங்கள் இடப்பக்கம் வர வேண்டும், விலங்குக் குணங்கள் வலப்பக்கம் வர வேண்டும், இரண்டும் நேர்நேராக அமைய வேண்டும் என்று பொறுமையாக விளக்குகிறார்.

அங்கே அதட்டல் இல்லை, சாட்டை இல்லை, ஒரு வசைச்சொல்கூட இல்லை. கையெழுத்தும் வரிசையும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற அக்கறைதான் இருக்கிறது. சேத் திரும்பி நடக்கவில்லை, பின்புறமாகவே அடிவைத்து விலகுகிறாள். பிறகு நோய்ப்படுக்கையில் கிடக்கும் எஜமானியிடம் போய், தான் கேட்ட அந்த ‘குணம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று விசாரிக்கிறாள். ஒரு பொருளுக்கு இயல்பாக இருப்பது என்று எஜமானி விளக்கம் சொல்கிறாள். சேத் அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை. தன் குழந்தைகளை இந்தப் பண்ணையில் வளர விடக் கூடாது என்ற முடிவு அவளுக்குள் உறுதிப்படும் தருணங்களில் இதுவும் ஒன்று. பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் அவளால் மறக்க முடியாதது இந்த வகுப்பறைக் குரல்.

மனிதரை மனிதரல்லாதவராக ஆக்கும் மொழி பற்றிப் பேசும்போது நாம் உடனே வசையைத்தான் நினைக்கிறோம். மாரிசன் காட்டுவது அதைவிட ஆழமான ஒன்று. வசை கோபத்தில் பிறக்கிறது, கோபம் எப்போதாவது தணியக்கூடியது. குறிப்பேட்டின் மொழிக்குக் கோபமே தேவையில்லை. அது அளக்கும், எண்ணும், வகைப்படுத்தும், விலை போடும். இந்த நாவலில் வாத்தியார் அளவுக்கயிறு வைத்து அடிமைகளின் தலையை அளக்கிறார், பற்களை எண்ணுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்டையோட்டை அளந்து இனங்களைத் தரம் பிரித்தவர்கள் பல்கலைக்கழகங்களில் அமர்ந்து அறிவியல் என்ற பெயரில்தான் அதைச் செய்தார்கள். வாத்தியார் அவர்களுடைய கிராமத்துப் பிரதிநிதி. 1987-இல் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற இந்த நாவலை நான் வியந்து வாசிப்பதற்குக் காரணம், அந்தக் குறிப்பேட்டுக்கு எதிராக மாரிசன் என்ன வைக்கிறார் என்பதுதான். மறுப்பு வாதம் எதையும் அவர் வைக்கவில்லை. அவர் வைப்பது இன்னொரு பட்டியல்.

அந்த இன்னொரு பட்டியலுக்குப் போவதற்கு முன் நாவலுக்கு வித்தான சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் குடும்பத்தோடு கென்டக்கியிலிருந்து தப்பி, உறைந்து கிடந்த ஒஹையோ நதியைக் கடந்து சின்சினாட்டிக்கு வந்தாள். துரத்தி வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, பிள்ளைகள் மீண்டும் அடிமைகளாவதைப் பொறுக்காமல் தன் சிறு மகளைக் கொன்றாள். பிறகு நடந்த வழக்கில் வினோதமான ஒரு கேள்வி எழுந்தது. அவளைக் கொலைக் குற்றத்துக்காக விசாரிப்பதா, அல்லது 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி உடைமையாளரிடம் ஒப்படைப்பதா? கொலைக்காக விசாரித்தால் அவளைப் பொறுப்புள்ள மனுஷியாக ஏற்றுக்கொண்டதாகும். அவள் தரப்பினர் அதைத்தான் வேண்டினார்கள். கொலைகாரி என்ற பெயரே ஒரு பெண்ணுக்கு மனித அந்தஸ்தைப் பெற்றுத்தரும் வழியாக இருந்த காலம் அது. அந்த அந்தஸ்தும் அவளுக்குக் கிடைக்கவில்லை. உடைமை உடையவரிடம் திருப்பி அனுப்பப்பட்டது.

ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய மாரிசன், கறுப்பின மக்களின் வரலாற்றுத் துணுக்குகளைத் தொகுத்து 1974-இல் வெளியிட்ட ‘தி பிளாக் புக்’ நூலுக்கான வேலையின்போது இந்தப் பெண்ணைப் பற்றிய பழைய பத்திரிகைக் குறிப்பு ஒன்றைக் கண்டார். அந்தக் குறிப்பே ‘பிலவ்ட்’டின் வித்து. நாவலில் வரும் சேத், மார்கரெட்டின் வரலாற்றுப் படம் அல்ல. மார்கரெட் திருப்பி அனுப்பப்பட்டாள், சேத் அனுப்பப்படவில்லை. சேத் சிறை மீண்டு வந்து, சின்சினாட்டியில் 124 என்று எண்ணிட்ட வீட்டில், தான் கொன்ற மகளின் ஆவியோடும் உயிரோடிருக்கும் மகள் டென்வரோடும் வாழ்கிறாள். கதை தொடங்குவது 1873-இல். சட்டப்படி அடிமைமுறை ஒழிந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் குறிப்பேட்டின் மொழி யாருடைய உடலை விட்டும் இன்னும் போகவில்லை.

வாத்தியாரின் கொடுமையை மட்டும் எழுதியிருந்தால் இது நல்ல நாவலாக நின்றிருக்கும். பெரிய நாவலாக ஆக்குவது, அவருக்கு முந்தைய எஜமானர் கார்னரை மாரிசன் எழுதிய விதம். கார்னர் நல்லவர். தன் அடிமைகளை ‘ஆண்கள்’ என்றே அழைப்பார். அண்டைப் பண்ணைக்காரர்கள் தங்கள் அடிமைகளைப் பையன்கள் என்று சொல்லும்போது, என்னிடம் இருப்பவர்கள் ஆண்கள் என்று மார்தட்டுவார், அதற்காகச் சண்டைக்கும் போவார். அவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், அவர் சொல்வதை மறுத்துப் பேசலாம். அந்த ஆண்களில் ஒருவனான பால் டி பல ஆண்டுகள் கழித்து அதை யோசித்துப் பார்க்கிறான். ஒருவர் வாயிலிருந்து வந்த ஆண்மை அவர் வாய் மூடியதும் போய்விட்டதே, பண்ணை எல்லையைத் தாண்டி ஓரடி வைத்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்லையே, அப்படியானால் நாங்கள் ஆண்களாக இருந்தோமா, அழைக்கப்பட்டோமா? கருணையாகத் தரப்பட்ட மரியாதை, தந்தவர் இறந்த மறுநாளே திருப்பி எடுக்கப்படுகிறது. அந்தப் பண்ணையில் பால் ஏ, பால் டி, பால் எஃப் என்று மூவர் இருந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். ஆண்கள் என்று பெருமையாக அழைத்த வாயே அவர்களை எழுத்து போட்டுப் பிரித்து வைத்திருந்தது.

அதே பண்ணையில் சிக்ஸோ இருக்கிறான். ஒரு பன்றிக்குட்டியைத் திருடித் தின்றுவிட்டான் என்று வாத்தியார் விசாரிக்கிறார். திருடவில்லை, உங்கள் சொத்தை மேம்படுத்தினேன் என்கிறான் சிக்ஸோ. நான் உங்கள் உடைமை, நான் நன்றாகச் சாப்பிட்டால் உங்களுக்கு நன்றாக உழைப்பேன், உங்கள் பொருள் உங்கள் பொருளுக்குள் போயிற்று, இதில் திருட்டு எங்கே? எஜமானரின் தர்க்கத்தை எடுத்து எஜமானர் முன்னாலேயே பிழையில்லாமல் நிகழ்த்திக் காட்டுகிறான். வாத்தியார் அதன் சாமர்த்தியத்தை உணர்கிறார், உணர்ந்தபடியே அடிக்கிறார். எதற்கு என்ன பெயர் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அந்த அடியின் பாடம். எதிரியின் மொழியில் எதிரியை வென்றாலும் கிடைப்பது அடிதான் என்பதைச் சிக்ஸோ புரிந்துகொள்கிறான். ஒரு கட்டத்தில் ஆங்கிலம் பேசுவதையே விட்டுவிடுகிறான், அதில் தனக்கு எதிர்காலம் இல்லை என்று. தப்பிக்கும் முயற்சியில் பிடிபட்டு, நெருப்பில் எரிக்கப்படும்போது அவன் சிரிக்கிறான், பாடுகிறான். அவனுடைய பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி அவன் காதலி தப்பிவிட்டாள். எரித்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் கடைசிவரை தெரியாது. குறிப்பேட்டில் ஏறாத ஒரு குணத்தை அவன் தன்னோடு கொண்டுபோய்விட்டான்.

இப்போது இரண்டாவது பட்டியல். சேத்தின் மாமியார் பேபி சக்ஸ், அறுபது வயதைத் தாண்டிய காலத்தில், மகன் ஹாலே தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கூலிக்கு விற்றுச் சேர்த்த பணத்தால் விடுதலை பெறுகிறார். கார்னர்தான் வண்டியில் அவரை ஒஹையோவுக்கு அழைத்து வருகிறார். வழியில் பேபி சக்ஸ் ஒரு கேள்வி கேட்கிறார்: நீங்கள் ஏன் என்னை ஜென்னி என்று கூப்பிடுகிறீர்கள்? உன் விற்பனைச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது என்கிறார் கார்னர். இத்தனை வருடங்களாக ஒருமுறைகூட யாரும் அவரிடம் பெயர் கேட்கவில்லை. அவர் ஒரு பெயருக்கு உரியவராக இருக்கக்கூடும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. சக்ஸ் என்பது கணவன் பெயர், பேபி என்பது அவன் ஆசையாக அழைத்தது. விடுதலை பெற்றவளுக்கு அது பொருந்தாத பெயர், சீட்டில் உள்ளதையே வைத்துக்கொள் என்று கார்னர் நல்லெண்ணத்தோடு புத்தி சொல்கிறார். பாட்டி கேட்கவில்லை. எங்கோ பிரிந்துபோன கணவன் ஒருநாள் தேடி வந்தால் எந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பான்?

அந்தப் பயணத்தில்தான் அவர் தன் கைகளை முதன்முதலாகப் பார்க்கிறார். இவை என் கைகள் என்று தோன்றுகிறது. நெஞ்சுக்குள் ஏதோ தட்டுவதை உணர்ந்து, இது எவ்வளவு நாளாக அடித்துக்கொண்டிருக்கிறது என்று வியந்து சிரிக்கிறார். தன் இதயத்தை அறுபது வயதுக்கு மேல் சந்திக்கும் பெண்ணை வேறெந்த நாவலிலும் நான் பார்த்ததில்லை.

சின்சினாட்டியில் அவர் எந்தத் திருச்சபையும் அமர்த்தாத போதகர் ஆகிறார். காட்டுக்குள் ஒரு வெட்டவெளியில் கறுப்பின மக்கள் கூடுகிறார்கள். குழந்தைகளைச் சிரிக்கச் சொல்கிறார், ஆண்களை ஆடச் சொல்கிறார், பெண்களை அழச் சொல்கிறார். சிறிது நேரத்தில் எல்லாம் கலந்து பெண்கள் ஆடுகிறார்கள், ஆண்கள் அழுகிறார்கள். பிறகு அவர் பேசுகிறார். பாவத்தை விடுங்கள் என்றோ சொர்க்கம் உங்களுடையது என்றோ அவர் சொல்வதில்லை. உங்கள் உடலை நேசியுங்கள் என்கிறார். கண், தோல், கைகள், வாய், கழுத்து, குடல், ஈரல், இதயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் போகிறார். வெளியே இருப்பவர்கள் இவற்றை நேசிக்கவில்லை, கட்டுகிறார்கள், வெட்டுகிறார்கள், வெறுமையாக விடுகிறார்கள். ஆகவே நீங்கள் நேசிக்க வேண்டும் என்கிறார்.

தெய்வத்தின் திருமேனியைப் பாதத்திலிருந்து கேசம் வரை அங்கம் அங்கமாகப் பாடும் பாதாதிகேச மரபை அறிந்த நமக்கு, இந்தப் பிரசங்கத்தின் உருவம் உடனே பிடிபட்டுவிடும். சந்தையில் தூக்கி நிறுத்தி, வாயைத் திறந்து பல் பார்த்து, தசையை அழுத்தி விலை பேசப்பட்ட உடல்களை, பேபி சக்ஸ் திருமேனிகளாகப் பாடுகிறார். விற்பனையாளன் எண்ணிய அதே உறுப்புகள்தான். அதே பட்டியல் வடிவம்தான். ஆனால் வாத்தியாரின் பட்டியல் உடலைக் கூறுபோட்டு மனுஷியைக் காணாமல் ஆக்குகிறது. பாட்டியின் பட்டியல் கூறுபோடப்பட்டதை ஒவ்வொன்றாக எடுத்து உரியவரிடம் திருப்பித் தருகிறது. மாரிசனின் கலையில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த இடம். நாங்களும் மனிதர்கள்தான் என்று பேபி சக்ஸ் வாதாடவில்லை. இடப்பக்கத்தில் இத்தனை குணங்கள் விடுபட்டுவிட்டன என்று வாத்தியாரின் தாளைத் திருத்தவும் இல்லை. அந்தத் தாளின் முன் நிற்கவே அவர் மறுக்கிறார். வெட்டவெளியில் வெள்ளையர் யாரும் இல்லை. யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கான மொழி அங்கே பிறக்கிறது.

சேத்தின் முதுகை மாரிசன் எழுதியதும் இதே வகையான கலைதான். வாத்தியாரின் மருமகன்கள் சேத்தைப் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தைக்கு உரிய தாய்ப்பாலை உறிஞ்சி எடுத்தார்கள். வாத்தியார் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அதை எஜமானியிடம் சொன்னதற்காக, கர்ப்பிணியான அவளைச் சாட்டையால் அடித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து இதை அவள் சொல்லும்போது பால் டி அடித்ததையே திரும்பத் திரும்பக் கேட்கிறான், அவளோ பாலைப் பறித்ததையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். சாட்டை தோலைக் கிழித்தது. பால் போனதில் அவள் தாய் என்பதே பறிபோனது. கறவை மாட்டுக்குச் செய்வதை அவளுக்குச் செய்தார்கள். எந்தக் காயம் பெரியது என்று தீர்மானிக்கும் உரிமையைக்கூட, தன்மேல் இரக்கப்படுபவனிடம் அவள் விட்டுத்தரவில்லை.

அந்த முதுகின் தழும்புகளைப் பலர் பார்க்கிறார்கள். தப்பி ஓடும் வழியில் சேத்தைக் காப்பாற்றிய ஏமி டென்வர் என்ற ஏழை வெள்ளைக்காரச் சிறுமி அதில் ஒரு காட்டுச் செர்ரி மரத்தைப் பார்க்கிறாள், தண்டு, கிளை, இலை, பூ எல்லாம். பேபி சக்ஸ் போர்வையில் ஊறிய இரத்தத்தை ரோஜாக்களாகக் காண்கிறார். பால் டி முதலில் அதைக் கொல்லனின் கைவேலை போலக் கண்டு முத்தமிடுகிறான். ஆசை தணிந்த பிறகு வெறும் தழும்புக் குவியலாகப் பார்க்கிறான். சேத்தால் தன் முதுகைப் பார்க்கவே முடியாது. மற்றவர் சொல்வதைத்தான் அவள் சுமக்கிறாள். அன்பான வருணனையும் ஓர் உடல்மேல் பிறர் எழுதியதுதான் என்ற உண்மையை மாரிசன் மறைக்கவில்லை. மரம் அழகானது, ஆனால் அதன் அடியில் இருப்பது சாட்டை.

இனி விறகுக் கொட்டகை. நாவலின் மையச் சம்பவமான அந்தக் கொலையை நாவலின் பாதிவரை மாரிசன் முழுதாகச் சொல்வதில்லை. சொல்லும்போது மூன்று முறை சொல்கிறார், மூன்று மொழிகளில். முதல் முறை துரத்தி வந்தவர்களின் கண் வழியாக. வாத்தியார், அவர் மருமகன், அடிமை பிடிப்பவன், ஷெரீஃப் என்று நான்கு பேர் குதிரையில் வருகிறார்கள். அந்த அத்தியாயத்தில் சேத்துக்குப் பெயர் கிடையாது. பேபி சக்ஸுக்கும் பெயர் கிடையாது, பாட்டியின் தொப்பியில் இருக்கும் பூதான் தெரியும். அதுவரை நாம் நெருங்கிப் பழகிய மனிதர்கள் திடீரென்று நிறமும் உறுப்பும் மட்டுமாக ஆகிவிடுகிறார்கள். வேட்டைக்காரனின் யோசனைகள் வருகின்றன: பாம்பையோ கரடியையோ கொன்றால் தோலாவது மிஞ்சும், ஓடிய அடிமை செத்தால் நட்டம்தான். வாத்தியாரின் யோசனைகள் வருகின்றன: அளவுக்கு மீறி அடித்தால் வேட்டைநாயும் குதிரையும் கெட்டுவிடும், மருமகன் அப்படித்தான் இவளைக் கெடுத்துவிட்டான். ஒரு தாய் தன் குழந்தையின் கழுத்தை அறுத்து நிற்கிறாள், அவர் மனத்தில் ஓடுவது பராமரிப்புக் குறைபாடு. முழு அத்தியாயத்தையும் அந்த மொழியிலேயே நடத்திச் செல்லும் துணிவு சிலருக்கே வரும். குறிப்பேட்டின் மொழி எப்படி இருக்கும் என்று மாரிசன் நமக்கு விளக்கவில்லை. அதற்குள் நம்மை நிறுத்தி, அந்தக் கண்ணால் சேத்தைப் பார்க்க வைக்கிறார். நமக்குத் தெரிந்த சேத்தை அங்கே காணவில்லையே என்று நாம் தவிக்கும் தவிப்பில்தான் அந்த மொழியின் குரூரம் தைக்கிறது.

இரண்டாம் முறை செய்தித்தாள் வழியாக. முதியவர் ஸ்டாம்ப் பெய்ட் பழைய பத்திரிகைத் துண்டைப் பால் டியிடம் நீட்டுகிறார். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அச்சிட்ட படத்தைப் பார்த்து, இது அவள் வாய் இல்லை என்று மீண்டும் மீண்டும் சொல்கிறான். ஒரு கறுப்பின மனிதரின் முகம் பத்திரிகையில் வந்தால் நல்ல காரணத்துக்காக வந்திருக்காது என்பது அவனுக்குத் தெரியும். அவன் மறுப்பது செய்தியை மட்டுமல்ல, அவளை அந்தத் தாள் வரைந்த விதத்தையும்தான்.

மூன்றாம் முறை சேத்தே சொல்கிறாள். சமையலறையில் பால் டி உட்கார்ந்திருக்க, அவள் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி பேசுகிறாள். எங்கெங்கோ தொடுகிறாள், நடுவுக்கு வர முடியவில்லை. கேட்பவருக்கு நேராகப் பிடிபடும்படி அதைச் சொல்ல முடியாது என்று அவளுக்கே தெரியும். அவள் சொல்ல முயல்வது எளிமையானது: வாத்தியாரின் தொப்பியைப் பார்த்தேன், என் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டேன், அவர்களால் தீண்ட முடியாத இடத்துக்குக் கொண்டுபோனேன். மாரிசனின் வாக்கியங்களும் அவளோடு சேர்ந்து வட்டமிடுகின்றன. வாத்தியாரின் நேர்கோட்டுக்கு எதிராக இந்த வட்டம். சுற்றிவளைத்துப் பேசுவதையே ஒரு பெண்ணின் கௌரவமாக ஆக்கிக் காட்டிய எழுத்து இது.

அதற்குப் பால் டி சொல்லும் பதில்தான் நாவலின் மிகக் கூரிய முள். உனக்கு இருப்பது இரண்டு கால்கள், நான்கு அல்ல என்கிறான். அவளை நேசிக்கும் மனிதன், அவளோடு அதே பண்ணையில் வதைபட்டவன், வாத்தியாரின் வலப்பக்கத்து வரிசையைத் தன்னை அறியாமலே எடுத்து நீட்டிவிடுகிறான். அவனே அந்த வரிசையில் நிறுத்தப்பட்டவன். குதிரைக்குப் போடும் கடிவாள இரும்பை வாயில் மாட்டி அவனை உட்கார வைத்தபோது, எதிரே ஒரு சேவல் திரிந்தது. முட்டையிலிருந்து வெளிவரத் தடுமாறிய அதை வெளியே எடுத்துவிட்டவன் அவன்தான். அதற்கு மிஸ்டர் என்று பெயர். அந்தச் சேவல் செத்தாலும் சேவலாகவே சாகும், தானோ இனி ஒருநாளும் பழைய பால் டி ஆக மாட்டோம் என்று அன்று அவனுக்குத் தோன்றியது. தன் விலை 900 டாலர் என்று அவன் காதுபடப் பேசினார்கள். தன் பலம், மூளை, இதயம் ஒவ்வொன்றும் எவ்வளவு பெறும் என்று தெரிந்த மனிதன் அவன். பிள்ளை பெற்றுத் தானே பெருகும் உடைமை என்பதால் சேத்தின் விலை தன் விலையைவிட அதிகமாக இருக்கும் என்றும் அவனுக்கு விளங்கியிருந்தது. இவ்வளவும் பட்டவன் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வருகிறது. எஜமானர்கள் தங்கள் அச்சத்தால் கறுப்பு மனிதருக்குள் ஒரு காட்டை நட்டார்கள், அது வளர்ந்து நட்டவர்களையே பிடித்துக்கொண்டது என்று ஸ்டாம்ப் பெய்ட் ஓரிடத்தில் நினைக்கிறார். அந்தக் காட்டின் ஒரு கிளை சேத்தின் சமையலறைக்குள் நீள்வதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

1993-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், ஒடுக்கும் மொழியையே ஒரு வன்முறையாகக் காண வேண்டும் என்று மாரிசன் வாதிட்டார். நாவலில் அதை வாதமாக எங்கும் சொல்வதில்லை. நல்லவர்கள் வீட்டிலும் அது இருப்பதைக் காட்டுகிறார். அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட போட்வின் குடும்பத்தாரின் பின்வாசலில், மண்டியிட்டு, பிளந்த வாயில் காசு ஏந்தி நிற்கும் கறுப்புப் பையன் பொம்மை ஒன்று இருக்கிறது. டென்வர் அதைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறாள். மாரிசன் ஒரு கருத்தும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பொம்மை இவ்வளவு கனத்திருக்காது.

பேபி சக்ஸின் பட்டியல் கடைசியில் வென்றதா? இல்லை. அவருடைய முற்றத்துக்குள்ளேயே வாத்தியாரின் குதிரைகள் வந்த பிறகு அவர் பேசுவதை நிறுத்திவிடுகிறார். படுக்கையில் கிடந்து நிறங்களைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டே இறந்துபோகிறார். ஆனால் அவர் ஊருக்குள் போட்டது முளைக்காமல் போகவில்லை. பசியில் வாடும் வீட்டிலிருந்து டென்வர் முதல்முறையாக வெளியேறி உதவி கேட்கும்போது, வாசலில் உணவு வந்து சேர்கிறது. கொடுத்தவர் பெயரெழுதிய காகிதத் துண்டோடு வரும் கூடையும் உண்டு. விற்பனைச் சீட்டு, குறிப்பேடு, செய்தித்தாள் என்று நாவல் முழுக்க எழுத்து கறுப்பின மக்களுக்கு எதிராகவே இயங்கியது. இந்தத் துண்டுக் காகிதத்தில் மட்டும் எழுத்து அவர்கள் பக்கம் வருகிறது. பிறகு அந்த ஆவியை விரட்ட முப்பது பெண்கள் 124-இன் முன் கூடுகிறார்கள். அவர்கள் சொல்லால் பிரார்த்திப்பதோடு நிற்கவில்லை. சொல்லுக்கு முந்தைய ஓசைக்குப் போகிறார்கள், ஒருவர் குரலில் மற்றவர் குரல் சேர்ந்து எழுகிறது. சொற்களால் காயப்பட்ட ஒரு வீட்டை ஓசையால் மீட்கலாம் என்று எழுதத் தோன்றியதே, அதுதான் மாரிசனின் மேதைமை.

இறுதியில் சேத் பேபி சக்ஸின் படுக்கையில் சாய்ந்துவிடுகிறாள். பிரிந்து போயிருந்த பால் டி திரும்பி வருகிறான். அந்த மை நான் காய்ச்சியது, நான் காய்ச்சிக் கொடுக்காவிட்டால் வாத்தியாரால் எழுதியிருக்க முடியாது என்று அவனிடம் சொல்கிறாள். தன்னை விலங்காக எழுதிய மையைத் தானே செய்தளித்த பெண்ணின் குற்ற உணர்ச்சி, குழந்தையைக் கொன்ற குற்ற உணர்ச்சிக்கு இணையாக அவளை அரித்திருக்கிறது. நான்கு கால் என்று சொன்ன அதே மனிதன் இப்போது அவள் பாதங்களைத் தேய்த்துவிடக் கேட்கிறான். இரும்பு மாட்டிய தன் கழுத்தின் அவமானத்தைப் பற்றி ஒருநாளும் பேசாமல், தன்னை ஆணாகவே விட்டுவைத்தவள் அவள் என்பதை நினைத்துக்கொள்கிறான். உனக்கு வாய்த்ததில் மேலானவள் நீயே, உன் பிள்ளைகள்கூட அல்ல என்று அவளிடம் சொல்கிறான். அவளால் உடனே நம்ப முடிவதில்லை. நானா என்று கேட்கிறாள்.

சேத் செய்தது சரியா என்ற கேள்விக்கு இந்த நாவல் விடை சொல்லவில்லை. பேபி சக்ஸாலேயே அதை ஆதரிக்கவும் முடியவில்லை, கண்டிக்கவும் முடியவில்லை. ஊரார் பதினெட்டு ஆண்டுகள் அவளை ஒதுக்கி வைத்தார்கள். மாரிசன் அவளுக்காக மன்னிப்புக் கோரவும் இல்லை, அவளைப் புனிதப்படுத்தவும் இல்லை. ஒடுக்கப்பட்டவர் குற்றமற்றவராக இருந்தால்தான் மனிதராக மதிப்போம் என்பதும் ஒருவகையில் வாத்தியாரின் வகுப்பறையிலிருந்து வந்த நிபந்தனைதான். கொன்றவள், கொன்றதை மறைக்காதவள், அன்புக்காகக் கொன்றேன் என்று சொல்லி அந்த அன்பாலேயே சிதைந்தவள். அவளும் முழு மனுஷி, அதற்கு யாருடைய சான்றும் வேண்டாம் என்று இந்த நாவல் ஒவ்வொரு பக்கத்திலும் நடந்துகொள்கிறது. மாண்பு என்பது நல்லவர்களுக்குத் தரும் பரிசு அல்ல. அது பரிசாக இருக்கும்வரை, தந்தவர் என்றாவது அதைத் திருப்பி எடுத்துக்கொள்வார்.